ஊற்றியவள் ஒருத்தி, சொன்னவள் ஒருத்தி

ஊசியம்மாவுக்கும் அவளுடைய அண்ணிக்கும் ஆகாது. இதை எடுத்த எடுப்பிலேயே சொல்லிவிடுவது நல்லது. இல்லாவிட்டால் அடுத்த பக்கத்திலாவது இரண்டு பேரும் சிரித்துப் பேசுவார்கள் என்று நீங்கள் காத்திருந்து ஏமாந்து போவீர்கள். ஒரே வீடு, ஒரே அடுப்படி, ஒரே கோயில். கீழே அண்ணனும் அண்ணியும் அவர்களுடைய ஒரே மகளும், மாடியில் ஒற்றை அறையில் ஊசியம்மாவும். அண்ணி சமைத்துவிட்டு வெளியே வந்த பிறகுதான் ஊசியம்மா உள்ளே போவாள். போனதும் முதல் வேலையாக, அண்ணி கழுவி வைத்த பாத்திரத்தை இன்னொரு தரம் கழுவுவாள். அதுவும் அண்ணியின் காதில் விழும்படி.

ஊசியம்மா என்பது ஆஸ்பத்திரி வைத்த பேர். பிரசவ வார்டில் முப்பத்தாறு வருஷம் நர்ஸ் வேலை பார்த்தவள். அவள் ஊசி போட்டால் வலிக்காது என்று வார்டு முழுக்கப் பேச்சு. வாயைத் திறந்தால்தான் வலிக்கும் என்பது கூட வேலை பார்த்தவர்களின் பேச்சு. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்டவர்களிடம், உங்கள் வீட்டில் எவனாவது சும்மா இருந்தால் கூட்டிக்கொண்டு வாருங்கள், பார்க்கிறேன் என்று சொல்லி வாயை அடைத்துவிடுவாள். அப்பா செத்தபோது அவளுக்குப் பத்தொன்பது வயது. அச்சகத்தில் மிஷின் ஓட்டிய அண்ணனின் சம்பளத்தோடு தன் சம்பளத்தையும் போட்டுக் குடும்பத்தை நிமிர்த்தியவள் அவள்தான். அண்ணனுக்குப் பெண் பார்த்ததும் அவள்தான். ஆமாம், அந்த அண்ணியை ஏழு வீடு ஏறி இறங்கித் தேர்ந்தெடுத்துக் கூட்டி வந்ததே ஊசியம்மாதான். இன்றைக்கு அதை யாராவது ஞாபகப்படுத்தினால் எழுந்து போய்விடுவாள்.

முதல் எட்டு வருஷம் இரண்டு பேரும் நன்றாகத்தான் இருந்தார்கள். ஒரே தட்டில் சாப்பிட்ட நாளெல்லாம் உண்டு. இந்தப் பகையெல்லாம் குழந்தை பிறந்த பிறகு வந்தது.

ஊசியம்மாவின் பக்தியைப் பற்றியும் சொல்ல வேண்டும். காலை ஆறு மணிப் பூசைக்கு இடது பக்கம் மூன்றாவது பெஞ்சு அவளுடையது. வேறு யாராவது தெரியாமல் உட்கார்ந்துவிட்டால் அவர்கள் எழுந்திருக்கும் வரை பக்கத்திலேயே நின்று ஜெபமாலை சொல்வாள். பூசையில் சாமியார் கொடுக்கும் அப்பமான நன்மை வாங்க முதல் ஆளாகப் போவாள். சனிக்கிழமை தவறாமல் சாமியாரிடம் பாவங்களைச் சொல்லி மன்னிப்பு வாங்கும் பாவசங்கீர்த்தனம். வார்டில் நோயாளிக்கு மருந்து கொடுப்பது மாதிரி எல்லாம் நேரத்துக்கு நடக்க வேண்டும். கூண்டுக்குள் முழங்காலிட்டு அவள் சொல்லும் பாவங்கள் ஐம்பது வருஷமாக அதேதான்: ஒரு சின்னப் பொய், இரண்டு கோபம், ஜெபத்தில் கவனக்குறைவு. அண்ணி அந்தப் பட்டியலில் ஒரு நாளும் வந்ததில்லை. அண்ணி தன் பாவம் இல்லை, தனக்கு வந்த சோதனை என்பது அவளுடைய முடிவு.

வார்டில் அவளுக்கு இன்னொரு வேலையும் இருந்தது. கத்தோலிக்கத் தாய்க்குப் பிறந்த குழந்தை தேறாது என்று டாக்டர் கையை விரித்துவிட்டால், சாமியார் வந்து சேரும் வரை உயிர் தங்காது. அப்போது யார் வேண்டுமானாலும் ஞானஸ்நானம் கொடுக்கலாம் என்பது திருச்சபைச் சட்டம். பெற்றவர்கள் தலையசைத்தால் ஊசியம்மா கையைக் கழுவிக்கொண்டு, ஒரு டம்ளரில் வெதுவெதுப்பான தண்ணீர் எடுத்து, குழந்தையின் நெற்றியில் மூன்று தரம் ஊற்றி, "பிதா சுதன் பரிசுத்த ஆவியின் பெயராலே உனக்கு ஞானஸ்நானம் கொடுக்கிறேன்" என்பாள். அப்படிப் பத்தொன்பது குழந்தைகள். ஒன்றுகூட மறுநாளைப் பார்க்கவில்லை. ஒவ்வொன்றுக்கும் அவள் அழுதிருக்கிறாள். துணி அலமாரிக்குப் பின்னால் போய் அழுதுவிட்டு, மூக்கைச் சிந்திக்கொண்டு வந்து ஆயாக்களை விரட்டுவாள்.

இருபதாவது, அண்ணியின் குழந்தை.

கல்யாணமாகி எட்டு வருஷம் கழித்துத் தங்கிய கரு. ஏழரை மாதத்தில் ஒரு நாள் காலை பத்து மணிக்கு அண்ணிக்கு ரத்தம் கொட்ட ஆரம்பித்தது. டாக்டர் வயிற்றைக் கீறிக் குழந்தையை எடுத்து ஊசியம்மாவின் கையில் போட்டுவிட்டு, தாயின் பக்கம் திரும்பிக்கொண்டார். குழந்தை நீலமாக இருந்தது. அழவில்லை. ஊசியம்மா அதைத் தூக்கிக்கொண்டு பக்கத்து அறைக்கு ஓடினாள். அங்கே அவளும் ஒரு ஆயாவும் மட்டும். கொஞ்ச நேரம் கழித்து அந்த அறையிலிருந்து பூனைக்குட்டி கத்தியது போல ஒரு சத்தம் வந்தது. குழந்தை பிழைத்துக்கொண்டது.

மூன்றாம் நாள் அண்ணிக்கு நினைவு தெளிந்தது. பக்கத்துக் கட்டில்காரி ஆயாவிடம் கேட்டதைக் கொண்டுவந்து அண்ணியின் காதில் ஓதிவிட்டாள்: உன் பிள்ளைக்கு மூச்சு நின்றபோது அதன் தலையில் தண்ணீர் ஊற்றினார்களாம். ஊசியம்மா உள்ளே நுழைந்ததும் நுழையாததுமாக அண்ணி கேட்டாள்: "உயிருக்கு இழுத்துக்கிட்டு இருந்த பிள்ளையை விட்டுட்டு, கைய எடுத்து தண்ணியா ஊத்தினே?"

ஊசியம்மா அப்போது மூன்று நாளாகத் தூங்கவில்லை. இன்குபேட்டர் பக்கத்திலேயே நாற்காலி போட்டுக் கிடந்தவள். அவள் அந்த அறைக்கு வந்தது வேறு ஒரு வார்த்தையைக் கேட்பதற்காக. கோபம் உச்சிக்கு ஏறிவிட்டது. "ஆமா, ஊத்தினேன். ஆத்மாதான் பெருசு. இப்ப என்ன அதுக்கு?" என்றாள்.

அவ்வளவுதான், அன்றோடு முடிந்தது. தன் பிள்ளையைச் சாகவிட்டு மோட்சத்துக்கு வழியனுப்பப் பார்த்தவள் என்று அண்ணி மனதில் எழுதிக்கொண்டாள். நன்றி கெட்டவள் என்று ஊசியம்மா எழுதிக்கொண்டாள். அண்ணனுக்கு அந்த வருஷத்திலிருந்துதான் காது மந்தமானது. அச்சு மிஷின் சத்தத்தால் என்று அவர் சொல்லிக்கொள்வார். இரண்டு பெண்களும் சண்டை போடும்போது மட்டும் கேட்காத காது அது.

குழந்தை தேறியதும் கோயிலுக்குக் கொண்டுபோனார்கள். அப்போதிருந்த பெரிய சாமியார், எந்தத் தண்ணீர், என்ன வார்த்தை சொன்னீர்கள் என்று கேட்டார். ஊசியம்மா இரண்டையும் பிசகில்லாமல் சொன்னாள். வேறு எதையும் அவர் கேட்கவில்லை. ஒருவருக்கு இரண்டு முறை ஞானஸ்நானம் கொடுக்கக் கூடாது என்பதால் தண்ணீரை விட்டுவிட்டு, எண்ணெய் பூசி, வெள்ளைத் துணி போர்த்தி, மெழுகுவர்த்தியைக் கையில் கொடுத்து முடித்துவைத்தார். கோயில் புத்தகத்தில் ஞானஸ்நானம் கொடுத்தவர் என்ற இடத்தில் ஊசியம்மாவின் பெயர் ஏறியது. பிள்ளையின் விசுவாசத்துக்குப் பொறுப்பேற்கும் ஞானத்தாய் என்ற இடத்திலும் அவள் பெயரே. பிள்ளையைக் காப்பாற்றியவள் அவள்தானே என்று அண்ணன் தன் வாழ்நாளில் ஒரே ஒரு தடவை பிடிவாதம் பிடித்ததால் வந்த பட்டம் அது.

அந்தப் பட்டத்தை ஊசியம்மா என்ன பாடு படுத்தினாள் என்கிறீர்கள். குழந்தைக்குச் செல்லப்பேர் அரைப்படி. அண்ணி அரைப்படியைத் திட்டினால், "என் ஞானப்பிள்ளையை யாரு திட்றது?" என்று மாடியிலிருந்து குரல் வரும். முதன்முதலாகப் புதுநன்மை வாங்கிய அன்று வந்தவர் போனவரிடமெல்லாம், என் கையால் கிறிஸ்தவளானவள் என்று சொன்னாள். உறுதிபூசுதல் அன்று, அதைக் கொடுக்க வந்த பிஷப்பான ஆயருக்கே சொன்னாள். பெற்றது வேண்டுமானால் நீங்கள், ஆண்டவரிடம் சேர்த்தது நான் என்று அண்ணியின் முகத்துக்கு நேராகவே ஒரு தரம் சொன்னாள். அண்ணி அன்றைக்கு ஒரு தட்டை உடைத்தாள். உடைந்ததைக் கூட்டி அள்ளக்கூட ஊசியம்மா விடவில்லை, தானே அள்ளி, ஒவ்வொரு துண்டையும் அண்ணிக்குக் காட்டிக் காட்டிக் குப்பையில் போட்டாள். இரண்டு பேரும் லேசுப்பட்டவர்கள் இல்லை.

அரைப்படி வளர்ந்து, இப்போது கதவு நிலையில் தலை இடிக்கும் உயரம். கண்ணாடிக் கடையில் வேலை. இருபத்துநாலு வயதில் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது. இன்னும் ஐந்து வாரம். கல்யாணத்துக்கு ஞானஸ்நானச் சான்றிதழ் வேண்டும் என்றதும் ஊசியம்மாதான் ஓடிப்போய் வாங்கி வந்தாள். தன் பெயர் இருக்கும் வரியைச் சாப்பாட்டு மேஜையில் அண்ணி உட்காரும் இடத்துக்கு நேரே விரித்து வைத்து, பறக்காமல் இருக்க உப்பு டப்பாவையும் தூக்கி வைத்தாள்.

அந்த வாரம் சனிக்கிழமை மத்தியானம், கோயில் மண்டபத்தில் ஒரு வகுப்பு வைத்தார்கள். நோயாளிகளைப் பார்க்கப் போகிறவர்கள் அவசரத்துக்கு எப்படி ஞானஸ்நானம் கொடுப்பது என்று சின்னச் சாமி சொல்லித்தரப் போகிறார். சின்னச் சாமி புதிதாக வந்த உதவிச் சாமியார், ஒடிசலான ஆள். ஞானஸ்நானத்தைத் திருமுழுக்கு என்பார். ஊசியம்மாவுக்கு அந்த வார்த்தையும் பிடிக்காது, அவர் செருப்பும் பிடிக்காது. பத்தொன்பதும் ஒன்றும் இருபது கொடுத்தவளுக்கு இந்தப் பொடியன் என்ன சொல்லித்தரப் போகிறான், தப்பாகச் சொன்னால் அங்கேயே பிடித்துக்கொள்ளலாம் என்று முதல் வரிசையில் போய் உட்கார்ந்தாள்.

அவர் தப்பாக எதுவும் சொல்லவில்லை. தண்ணீர் தோலில் ஓட வேண்டும் என்றார், ஊசியம்மா தலையாட்டினாள். வார்த்தை மாறக் கூடாது என்றார், அதற்கும் ஆட்டினாள். ஒரு பொம்மையை எடுத்து நெற்றியில் ஊற்றிக் காட்டிவிட்டு அவர் சொன்னார்: "முக்கியமா ஒண்ணு. தண்ணி ஊத்துற ஆளும் வார்த்தை சொல்ற ஆளும் ஒரே ஆளா இருக்கணும். ஒருத்தர் ஊத்தி இன்னொருத்தர் சொன்னா, அது திருமுழுக்கே இல்லை. நெத்தி நனைஞ்சுது, அவ்வளவுதான்." கொடுக்கிறேன் என்று சொல்கிறவர்தானே கொடுக்க வேண்டும் என்று விளக்கமும் சொன்னார்.

ஊசியம்மாவின் தலை ஆடுவது நின்றுவிட்டது. 

ஏனென்றால் அண்ணிக்கும், அண்ணனுக்கும், பெரிய சாமியாருக்கும் தெரியாத ஒரு விஷயம் அவளுக்குத் தெரியும். அன்றைக்கு அந்த அறையில் அவள் கையை எடுக்கவே இல்லை. ஒரு கையின் இரண்டு விரல்களால் குழந்தையின் நெஞ்சை மூன்று தரம் அமுக்குவாள், மறு கையால் காற்றுப்பையை ஒரு தரம் பிழிவாள், மறுபடி நெஞ்சு. டாக்டர் எட்டிப் பார்த்து, போதும், விட்டுவிடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். அவள் விடவில்லை. விட மாட்டேன் என்று அவரைத் திட்டினாள். ஆனால் உள்ளே பயம், இது ஞானஸ்நானம் இல்லாமல் போய்விடுமோ என்று. அதனால் ஆயாவைப் பார்த்து, டம்ளரில் தண்ணீர் எடுத்து நெற்றியில் ஊற்று என்று கத்தினாள். ஆயா ஊற்றினாள். ஊசியம்மா அமுக்கிக்கொண்டே வார்த்தைகளைச் சொன்னாள். பதினோரு நிமிஷம். செத்துப்போன பத்தொன்பதுக்கும் அவளே ஊற்றி அவளே சொன்னாள், ஏனென்றால் அப்போது அவள் கைகளுக்கு வேறு வேலை இல்லை. விட மனம் வராத இந்த ஒன்றுக்குத்தான் தப்பாகிவிட்டது.

நான் கொடுத்தேன் என்று அவள் சொன்னது பொய் என்று அவளுக்கே தோன்றியதில்லை. ஊற்றச் சொன்னது அவள், வார்த்தை அவளுடையது, வார்டில் ஆயா செய்வதெல்லாம் நர்ஸ் கணக்கில்தானே சேரும். கையை எடுத்தேன் என்று அண்ணியிடம் சொன்னது மட்டும்தான் பொய். அது கோபத்தில் வந்த பொய். இருபத்துநாலு வருஷம் இரண்டு பேரும் அந்தப் பொய்யின் மேல்தான் குடித்தனம் நடத்தியிருக்கிறார்கள்.

வகுப்பின் முடிவில் சின்னச் சாமி, அனுபவப்பட்ட நர்ஸம்மா நம்மோடு இருக்கிறார், இரண்டு வார்த்தை சொல்வார் என்று கூப்பிட்டார். கைதட்டினார்கள். ஊசியம்மா எழுந்து நின்று, தொண்டை சரியில்லை என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். அவளுக்குத் தொண்டை சரியில்லாமல் போனதை யாரும் அதற்கு முன் கண்டதில்லை.

அப்புறம் அவள் பட்ட பாடு. அரைப்படிக்கு ஞானஸ்நானம் ஆகவில்லை என்றால், அதன் மேல் கட்டிய எதுவும் நிற்காது. புதுநன்மை, உறுதிபூசுதல், நாளைக்குக் கல்யாணம் என்ற அருட்சாதனம் எல்லாமே வெறும் சடங்கு. இது ஊசியம்மாவுக்குச் சின்ன விஷயம் இல்லை, அவள் நிஜமாகவே நம்புகிறவள். வாயைத் திறந்தால் பிள்ளைக்கு எல்லாம் சரியாகும். ஆனால் ஞானத்தாய் பட்டம் போகும், புத்தகத்தில் பெயர் போகும், அந்த வீட்டில் அவளுக்கென்று இருக்கும் ஒரே பிடிமானம் போகும். அண்ணி அந்தச் சேதியை எப்படி ருசித்துச் சாப்பிடுவாள் என்று நினைக்கும்போதே அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. வாயை மூடிக்கொண்டால் யாருக்கும் தெரியாது. ஆயா போய்ச் சேர்ந்து பதினோரு வருஷம்.

அடுத்த சனிக்கிழமை ஒரு தந்திரம் செய்தாள். பாவசங்கீர்த்தனக் கூண்டில் சொல்லிவிட்டால், சாமியாரே ஏதாவது சாக்குச் சொல்லி அரைப்படிக்குக் காதும் காதும் வைத்த மாதிரி ஞானஸ்நானம் கொடுத்துவிட மாட்டாரா என்று கணக்குப் போட்டாள். உள்ளே சின்னச் சாமி. நடந்ததை எல்லாம் கொட்டினாள். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "இதுல பாவம் ஒண்ணும் இல்லைம்மா. தெரியாம நடந்தது. ஆனா இங்க கேட்டதை வச்சு நான் வெளியில ஒரு அடி கூட எடுத்து வைக்க முடியாது. நாளைக்கு அந்தப் பொண்ணோட கல்யாண அறிவிப்பு ஓலையை நானே வாசிக்கணும்னாலும் வாசிப்பேன். நீங்களே ஆபீஸுக்கு வந்து சொல்லணும். அதுக்கு முன்னாடி அவ அம்மாகிட்ட சொல்லணும்."

அம்மா என்றதும் ஊசியம்மாவுக்குப் பற்றிக்கொண்டது. அண்ணியைத் தவிர ஊரில் யாரிடம் வேண்டுமானாலும் சொல்கிறேன் என்றாள். அவர்கள் மேல் ஏன் இவ்வளவு கோபம் என்று அவர் கேட்டார். "கோபம் இல்லை சாமி. வெறுப்பு" என்றாள். அதற்காக மனஸ்தாபப்படுகிறீர்களா, மனம் வருந்துகிறீர்களா என்றார். யோசித்துப் பார்த்து, உள்ளதைச் சொன்னாள்: "இல்லை." அப்படியானால் மன்னிப்பு வாசகம் சொல்ல முடியாது, மனஸ்தாபம் வந்ததும் வாருங்கள், காத்திருக்கிறேன் என்றார் அவர். ஐம்பது வருஷத்தில் முதல் முறையாகப் பாவமன்னிப்பு இல்லாமல் வெளியே வந்தாள் ஊசியம்மா. வந்த வேகத்தில், வரிசையில் நின்ற மீசைக்காரரைப் பார்த்து, என்ன பார்வை என்று கேட்டாள். அந்த மனிதர் ஒன்றும் பார்க்கவில்லை, பாவம்.

ஞாயிற்றுக்கிழமை பூசையில் முதல் ஓலை வாசித்தார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், தடை தெரிந்தவர்கள் தெரிவிக்கவும் என்று சின்னச் சாமி எல்லா ஓலையையும் போலவே வாசித்தார். ஊசியம்மா இருந்த பக்கம் அவர் பார்வை வரவே இல்லை. நன்மை நேரம் வந்தது. கூட்டம் எழுந்து போனது. பாவமன்னிப்பு இல்லாமல் நன்மை வாங்கக் கூடாது என்று ஊசியம்மா பெஞ்சிலேயே முழங்காலில் இருந்தாள். நன்மை வாங்கிக்கொண்டு கை கூப்பித் திரும்பிய அண்ணி அவள் பக்கத்தில் ஒரு நொடி நின்றாள். "என்ன, நர்ஸம்மாவுக்கு இன்னைக்குப் பசி இல்லையா?" என்று வாயசையாமல் கேட்டுவிட்டுப் போனாள். ஊசியம்மாவுக்கு அப்போது வந்த எண்ணத்தை எழுத முடியாது. கோயில் என்றுகூடப் பார்க்காமல் வந்த எண்ணம் அது.

இரண்டாவது ஓலையும் வாசித்தாகிவிட்டது. அந்த வாரம் முழுக்க அவள் மாடியில் தனக்குத்தானே பேசிப் பழகினாள். பணிவாக நான்கு வாக்கியம் தயார் செய்தாள். அண்ணி, ஒரு விஷயம் என்று ஆரம்பிக்க வேண்டும். அண்ணி என்ற வார்த்தையிலேயே குரல் முறுக்கிக்கொண்டது.

புதன்கிழமை சாயங்காலம் மாப்பிள்ளையின் அம்மா வீட்டுக்கு வந்தாள். முன்னறையில் அண்ணன், அண்ணி, அரைப்படி எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். ஊசியம்மா டீ கொண்டுவந்து வைத்தாள். சம்பந்தியம்மா நல்ல மனுஷி. பிறந்தபோது பிள்ளையைக் காப்பாற்றியதே அத்தைதானாமே என்று மரியாதையாக ஒரு வார்த்தை சொன்னாள். அண்ணி சிரித்தாள்.

"இவளா காப்பாத்தினா? டாக்டரும் கைவிட்டாரு, இவளும் கைவிட்டா. மூச்சு நின்ன பிள்ளையைப் போட்டுட்டு, தண்ணி ஊத்தப் போயிட்டா. செத்தா மோட்சத்துக்குப் போகட்டும்னு. ஆண்டவர்தான் காப்பாத்தினாரு."

ஊசியம்மா தட்டைக் கீழே வைத்தாள். தயார் செய்த நான்கு வாக்கியமும் எங்கே போயிற்றோ தெரியவில்லை.

"நான் கைய எடுக்கவே இல்லை அண்ணி."

"நீயே சொன்னியே. மூணாம் நாள், என் மூஞ்சிக்கு நேரா."

"சொன்னேன். பொய். தண்ணி ஊத்தினது ஆயா. நான் நெஞ்சை அமுக்கிக்கிட்டு இருந்தேன். பதினோரு நிமிஷம். டாக்டர் விடச் சொன்னாரு, விடலை. வார்த்தையை மட்டும் வாயால சொன்னேன்." அவள் குரல் இன்னும் சண்டைக் குரலாகத்தான் இருந்தது. "ஒருத்தி ஊத்தி ஒருத்தி சொன்னா அது ஞானஸ்நானமே இல்லையாம். சாமி சொல்றாரு. உங்க பொண்ணுக்கு இன்னும் ஞானஸ்நானம் ஆகலை. போதுமா? சந்தோஷமா?"

யாரும் டீயைத் தொடவில்லை. சம்பந்தியம்மா அரைப்படியைப் பார்த்தாள், கல்யாணம் தள்ளிப்போகுமா என்று மெதுவாகக் கேட்டாள். அரைப்படி அத்தையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்படியானால் இத்தனை வருஷம் தான் வாங்கிய நன்மை என்ன ஆவது என்று கேட்டாள். தெரியாமல்தானே வாங்கினாய், உன் மனசு ஆண்டவருக்குத் தெரியும் என்று சொன்னபோதுதான் ஊசியம்மாவின் குரல் உடைந்தது. காது கேட்காத அண்ணன் எல்லாவற்றையும் கேட்டிருந்தார். சட்டையை மாட்டிக்கொண்டு, வா, சாமியைப் பார்த்துவிட்டு வந்துவிடுவோம் என்று தங்கச்சியைக் கூப்பிட்டார்.

சின்னச் சாமி அதை முதல் தடவை கேட்பவர் போலவே கேட்டார். கேள்வியெல்லாம் கேட்டார், எழுதிக்கொண்டார். நடிப்பு என்று சொல்ல முடியாத அளவுக்கு. ஊசியம்மாவுக்கு அந்தப் பொடியன் மேல் முதல் தரம் ஒரு மரியாதை வந்தது. ஆயருக்கு எழுதி அனுமதி வாங்கி, கல்யாணத்துக்கு முந்திய வாரம் ஞானஸ்நானம், உறுதிபூசுதல், நன்மை மூன்றையும் ஒரே பூசையில் கொடுத்துவிடலாம், கல்யாணத் தேதி மாற வேண்டாம் என்றார். பழைய புத்தகத்தை எடுத்து, அவள் பெயர் இருந்த வரியின் ஓரத்தில், இது செல்லாது என்று குறித்துத் தேதி போட்டார். ஊசியம்மா அதைக் கடைசி எழுத்து வரை நின்று பார்த்தாள்.

வீட்டுக்கு வந்தால் அண்ணி பேசவில்லை. குத்தல் இல்லை, முணுமுணுப்பு இல்லை. வியாழக்கிழமை ஊசியம்மா பாத்திரத்தை வழக்கத்தைவிடப் பலமாகக் கழுவிப் பார்த்தாள். அண்ணி கண்டுகொள்ளவே இல்லை. வெள்ளிக்கிழமை குழம்பில் உப்பு இல்லை என்றாள், அண்ணி உப்பு டப்பாவை நகர்த்தி வைத்தாள். கொக்கரித்திருந்தால் ஊசியம்மா தாங்கியிருப்பாள், பதிலும் தயாராக வைத்திருந்தாள். இந்த அமைதியை என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. அடுத்த வேளை என்ன நடக்குமோ என்று பயமாகவே இருந்தது.

சனிக்கிழமை நான்கு மணிக்கு அண்ணி மாடி ஏறி வந்தாள். முட்டி வலிக்காரி. ஏறி வந்து பல வருஷம் ஆகிறது. கதவைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கிவிட்டு, உள்ளே வராமலே கேட்டாள்.

"நிஜமாவே கைய எடுக்கலையா?"

"எடுக்கலை."

"அப்புறம் ஏன் எடுத்தேன்னு சொன்னே?"

ஊசியம்மா கட்டிலில் உட்கார்ந்தபடி தன் கால் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "மூணு நாள் தூங்கலை அண்ணி. நீங்க கண்ணு முழிச்சதும் என் கையைப் பிடிச்சுப்பீங்கன்னு நினைச்சு ஓடி வந்தேன். நீங்க அப்படிக் கேட்டதும் வாயில வந்துடுச்சு. அப்புறம் மாத்திச் சொல்ல மனசு வரலை. எனக்கு வலிச்சுது. உங்களுக்கும் வலிக்கட்டும்னு விட்டுட்டேன்."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, நான் உன்னை..." அண்ணி அந்த வாக்கியத்தை முடிக்கவில்லை. "இருபத்துநாலு வருஷம். பிள்ளையைக் கொல்லப் பார்த்தவள்னு ஒவ்வொரு நாளும் நினைச்சிருக்கேன். நீ செத்துப்போகணும்னு வேண்டிக்கிட்டு நன்மை வாங்கியிருக்கேன், தெரியுமா உனக்கு?"

"நானும் வாங்கியிருக்கேன்" என்றாள் ஊசியம்மா.

அண்ணி முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். அவள் அழுதாளா, மூச்சு வாங்கினாளா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. பிறகு, செருப்பைப் போடு, ஐந்து மணிக்குச் சாமி கூண்டில் உட்கார்ந்துவிடுவார் என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கிப் போனாள்.

கோயிலுக்கு இரண்டு பேரும் தெருவின் ஆளுக்கொரு ஓரமாகத்தான் நடந்து போனார்கள். பாவசங்கீர்த்தன வரிசையில் ஒன்பது பேர். அண்ணி முன்னால், ஊசியம்மா பின்னால். ஒருவர் போய் ஒருவர் வர, வரிசை நகர்ந்தது. ஊசியம்மா கண்ணை மூடிக்கொண்டு மனஸ்தாபத்தைத் தேடினாள். பேர் வாங்குவதற்காக அவள் சொன்னதெல்லாம் வரிசையாக வந்தது. புதுநன்மை அன்று அண்ணியை ஒதுக்கிவிட்டுப் பிள்ளையின் கையைப் பிடித்துத் தான் நடந்தது வந்தது. உடைந்த தட்டைத் துண்டு துண்டாகக் காட்டியது வந்தது. கண்ணைத் திறந்தபோது முன்னால் அண்ணியின் நரைத்த கொண்டை தெரிந்தது. எப்போது இவ்வளவு நரைத்தது என்று அவளுக்குத் தெரியவில்லை. ஒரே வீட்டில் இருந்தும் பார்த்ததில்லை.

கூண்டிலிருந்து ஒரு கிழவர் வெளியே வந்தார். அண்ணியின் முறை. அண்ணி ஒரு அடி எடுத்து வைத்தாள், நின்றாள், பக்கவாட்டில் விலகி வழிவிட்டாள். ஊசியம்மாவின் முகத்தைப் பார்க்காமல், தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"நீ முதல்ல போ. எனக்கு ரொம்ப நேரம் ஆகும்."